அரைப் பரப்பும் நான்கு வகை வேரும்

போன சனிக்கிழமை மூன்றாவது பாத்தியில் உள்ளி நடுவதற்காக மண்ணைப் புரட்டினேன். நான்கு மீட்டர் நீளப் பாத்தி. ஃபோர்க்கை, அதாவது பல்லுள்ள மண்முள்ளை, முப்பது தடவைக்கு மேல் குத்திப் புரட்டியும் களையின் வெள்ளை வேர் ஒரு துண்டுகூட மேலே வரவில்லை. நம்பாமல் நடுப்பகுதியில் திரும்பவும் குத்திப் பார்த்தேன். ஒரு மண்புழு மட்டும் வந்தது. காணி கைக்கு வந்த மூன்று வருடத்தில் இப்படி நடப்பது இதுதான் முதல் தடவை. எங்கெங்கே பிழைவிட்டேன் என்பது மறந்துபோக முன்னர் எழுதிவைக்கிறேன்.

காணி என்று சொன்னது கொஞ்சம் பெருமைக்காக. வடமேற்கு லண்டனில் கவுன்சில் வாடகைக்கு விடும் அலொட்மென்ட் என்ற தோட்டக்காணியில் ஒரு அரைத்துண்டு, அவ்வளவுதான். இங்கே இன்னமும் ரொட் கணக்கில்தான் அளக்கிறார்கள். ஒரு ரொட் நம்முடைய ஒரு பேர்ச்சஸ், இரண்டும் 272 சதுர அடி சொச்சம். முழுத்துண்டு 10 ரொட், அதாவது யாழ்ப்பாணக் கணக்கில் சரியாக ஒரு பரப்பு. வெள்ளைக்காரன் அங்கே விட்டுவிட்டு வந்த அளவுகோலை இங்கேயும் வைத்திருக்கிறான். நான்கு வருடம் காத்திருந்து எனக்குக் கிடைத்தது 5 ரொட், வருட வாடகை 64 பவுண். அம்மாவிடம் போனில் சொன்னபோது, “அரைப் பரப்புக்கு நாலு வருஷமே?” என்று கேட்டார்.

திறப்பு வாங்கியது ஒரு ஒக்டோபரில். இடுப்பளவு புல். அதற்கு மேலே ஏதோ கொடி பின்னிக் கிடந்தது. என்ன கொடி, என்ன புல் என்று ஒரு நிமிடம்கூட நான் யோசிக்கவில்லை. புல் என்றால் வெட்டி, கொத்தி, புரட்டினால் தீர்ந்தது என்பதுதான் ஊரில் கண்டது. மேலே உள்ளதை வெட்டிக் குவித்துவிட்டு, 90 பவுணுக்கு ஒரு சனி ஞாயிறு ரோட்டவேட்டர் என்ற மண் புரட்டும் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்தேன். இரண்டு நாளில் முழுத் தறையும் தேயிலைத்தூள் மாதிரி ஆனது. படம் எடுத்து ஊருக்கு அனுப்பினேன். அண்ணா “சூப்பர்” என்று பதில் போட்டார். அந்தப் படம் இன்னமும் போனில் இருக்கிறது, பார்க்கும்போது வெட்கமாக இருக்கும்.

ஏப்ரலில் முழுத் தறையும் பச்சைப் பாய் விரித்தது. முன்பு புல் இல்லாமல் இருந்த இடங்களிலும் புல். விஷயம் எளிது. ஒரு நீள வேரை அந்த இயந்திரம் ஐம்பது துண்டாக்கி, தறை முழுவதும் சீராக விதைத்துக் கொடுத்திருந்தது. துண்டில் ஒரு கணு இருந்தால் போதும், அது தனிச்செடி. கடையில் வாங்கிய வள்ளல்கீரையின் தண்டைத் தண்ணீரில் வைத்தால் வேர்விடுகிறதே, அதேதான். பைன்ட்வீட் என்ற அந்தக் கொடி வள்ளல்கீரையும் வத்தாளங்கிழங்கும் சேர்ந்த குடும்பம் என்று பிறகு அறிந்தேன். 90 பவுண் கொடுத்து நாற்று நட்டிருக்கிறேன்.

மே மாதம் கடிதம் வந்தது. காணி பராமரிக்கப்படவில்லை, 28 நாளில் வேலை நடந்ததற்கு அடையாளம் தெரியவேண்டும் என்று. கோபம் வந்தது, ஆனால் எழுதியதில் பொய் இல்லை.

இரண்டாவது முயற்சிக்கு மண்வெட்டியை எடுத்தேன். முன்பொருமுறை ஊருக்குப் போனபோது அலகை மட்டும் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் கொண்டுவந்திருந்தேன். பிடி இங்கே ஒரு பழைய கோடரிக் காம்பு. அப்பா இறைக்கும் வயலில் வாய்க்கால் கட்டிய மண்வெட்டியின் ஞாபகம் வேறு. மூன்று மணித்தியாலத்தில் ஒரு பாத்தியைக் கொத்தி முடித்தேன், நாரி கழன்றுவிட்டது. மூன்று கிழமையில் பாத்தி முன்பைவிட அடர்த்தியாக முளைத்தது. மண்வெட்டியும் வெட்டுகிற ஆயுதம்தானே. ரோட்டவேட்டர் வேகமாகச் செய்ததை நான் மெதுவாகச் செய்திருந்தேன். இப்போது அது உருளைக்கிழங்குக்கு மண் அணைக்க மட்டும். அந்த வேலைக்கு அதை அடிக்க இங்கே ஒரு ஆயுதமும் இல்லை.

ஜூனில்தான் புத்தி வந்தது. வேலையை நிறுத்திவிட்டு ஒரு கிடங்கு வெட்டினேன், 60 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம், 60 ஆழம். களை எடுப்பதற்கு இல்லை, கீழே என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு. வெட்டிய மண்ணைச் சாக்கில் போட்டு, அகப்பட்ட வேர்களை எல்லாம் வாளித் தண்ணீரில் கழுவி, தமிழ்க்கடையில் இலவசமாகத் தரும் பத்திரிகையில் வகை வகையாக அடுக்கினேன். அரை நாள் போனது. மூன்று வருடத்தில் செய்த உருப்படியான வேலை அந்த அரை நாள்தான் என்பேன்.

முதலாவது, தடித்த இடியப்பம் மாதிரி ஒரு வெள்ளை வேர். மினுமினுப்பு, சுருள், இலேசாக இழுத்தாலே டிக் என்று ஒடிந்தது. இதுதான் பைன்ட்வீட். ஒடிவதுதான் அதன் பலம். இழுக்கிறவன் கையில் ஒரு துண்டைக் கொடுத்துவிட்டு மிச்சம் கீழே இருந்துவிடும்.

இரண்டாவதும் வெள்ளைதான், ஆனால் கொஞ்சம் மஞ்சள் ஓடியது, ஒரு அங்குலத்துக்கு ஒரு கணு, கணுவில் காய்ந்த சவ்வு. இழுத்தால் லேசில் அறாது. நுனி ஊசி. கௌச் புல் என்கிறார்கள், நம்மூர் அறுகின் குணம் அப்படியே இருக்கிறது. அடுத்த வருடம் தோண்டிய உருளைக்கிழங்கு ஒன்றை இந்த நுனி ஒரு பக்கத்தால் நுழைந்து மறுபக்கத்தால் வந்திருந்ததைப் பார்த்தேன். ஆறுதலான விஷயம், இது ஆழம் போவதில்லை. என் கிடங்கில் ஏறக்குறைய எல்லாம் மேல் 15 சென்டிமீட்டருக்குள் இருந்தது.

மூன்றாவது டொக் என்ற களை. கரட்டுக்குக் கிளைவிட்ட மாதிரி ஒரு தடித்த ஆணிவேர், உள்ளே மஞ்சள். இதில் குழப்பம் இல்லை.

நான்காவதை முதலில் வேர் என்றே நினைக்கவில்லை, பழைய மின்கம்பி என்று எறியப் பார்த்தேன். கறுப்பு, மெல்லிசு, இடையிடையே பயறளவு முடிச்சு. கிடங்கின் அடி வரைக்கும் நேராக இறங்கி, அதற்குக் கீழேயும் போனது. ஹோர்ஸ்டெயில். தமிழில் நேரே பெயர்த்தால் குதிரைவாலி ஆகிவிடும், அது நாம் கஞ்சி காய்ச்சும் தானியம், இரண்டுக்கும் சம்பந்தமில்லை. நிலக்கரி படிந்த காலத்திலேயே இதன் முன்னோர் மரம் மரமாக நின்றிருக்கின்றன. இரண்டு மீட்டர் ஆழம் போகக்கூடியது. அந்தக் கறுப்பு வேரைப் பார்த்த கையோடு, இதைத் தோண்டி எடுக்கும் எண்ணத்தைக் கைவிட்டேன்.

மஞ்சள் கயிறு மாதிரி நெட்டில் வேரும் கிடந்தது. நம் காஞ்சோண்டி போலக் கடிக்கும் செடி. அது மேலோடு படர்கிற வேர், பாய் சுருட்டுவதுபோல உரிந்து வந்தது. நான் கணக்கில் சேர்க்கவில்லை.

பைன்ட்வீட்டில் ஒரு பிழையான முடிவுக்கும் போனேன். அதன் வேர் ஆறடிக்கும் கீழே போகும் என்று எங்கோ வாசித்துவிட்டு, தோண்டுவதில் பயனில்லை என்று ஒரு மாதம் சும்மா இருந்தேன். ஜூலையில் வேலியில் பூத்தபோதுதான் தெரிந்தது, இதில் இரண்டு வகை. ஆழம் போவது வயல் வகை. அதன் பூ சின்னது, வெள்ளையில் ரோசாக் கோடு ஓடும். என் வேலியில் இருந்தது மூன்று அங்குல அகலத்தில் தனி வெள்ளைப் புனல். வேலி வகை. இதன் வேர் பெரும்பாலும் ஒரு அடி, ஒன்றரை அடிக்குள் கிடைமட்டமாகத்தான் ஓடும். தோண்டினால் எடுக்கலாம். பூவைப் பார்க்காமல் ஒரு மாதத்தை வீணாக்கியிருந்தேன்.

அதன் பிறகு ஃபோர்க். புதிதாக 38 பவுணுக்கு வாங்கியதன் ஒரு பல் இரண்டாவது கிழமையே வளைந்தது. லண்டன் களிமண் அப்படி. பிறகு ஞாயிற்றுச் சந்தையில் 8 பவுணுக்கு ஒரு பழையது அகப்பட்டது, அடித்துச் செய்த இரும்பு, நாலு பல், யாரோ ஒருவரின் உள்ளங்கை தேய்த்து வழுவழுப்பாக்கிய பிடி. இன்றைக்கும் அதுதான். கூட ஒரு கைமுள்ளு, 9 பவுண்.

செய்தது இப்படித்தான். பாத்தி 4 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம். ஒரு தலைப்பில் ஒரு அடி அகலத்துக்கு மண்ணை வெளியே எடுத்து ஒரு வாய்க்கால். பிறகு அடுத்த வரிசையை ஃபோர்க்கால் வெட்டாமல் நெம்பி அந்த வாய்க்காலுக்குள் சரிப்பது. சரியும்போது வேர் தானாக வெளியே தெரியும். அந்த இடத்தில் குந்தியிருந்து கையால் மண்ணை உதிர்த்து, வேரை அது போகிற திசையிலேயே தொடர்ந்து போகவேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் டிக். ஒரு தடவை அறாமல் ஒரு மீட்டர் பத்து சென்டிமீட்டர் எடுத்தேன். மகளைக் கூப்பிட்டு நாடா பிடித்து அளந்தோம்.

மண்ணின் பதம் முக்கியம். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை இந்த மண் பிட்டுக்குக் குழைத்த மா மாதிரி இருக்காது, ரொட்டிக்குக் குழைத்த மா மாதிரி இருக்கும். வேர் உள்ளே இருந்தாலும் தெரியாது. ஜூலையில் செங்கல். மழை பெய்து மூன்று நாலு நாளுக்குப் பிறகு, ஒரு பிடி பிடித்து உருட்டி முழங்கால் உயரத்திலிருந்து விடுவேன். உடைந்தால் வேலை, சப்பையாகப் படிந்தால் தேத்தண்ணி குடித்துவிட்டு வீட்டுக்கு.

முதல் பாத்திக்கு ஒன்பது மணித்தியாலம் போனது, பன்னிரண்டாவதுக்கு ஐந்து. எடுத்த வேரை நிறுக்கவும் செய்தேன். விமானத்துக்குப் பெட்டி நிறுக்கும் கொக்கித் தராசு வீட்டில் சும்மா கிடந்தது. மூன்றாவது பாத்தி மட்டும் 11.4 கிலோ, மண் உதிர்த்த பிறகு. நிறுத்ததால் ஒரு பயனும் இல்லை, ஆனால் நாரி நோகும்போது ஒரு இலக்கம் கையில் இருந்தால் மனதுக்கு நல்லது.

டொக்குக்குத் தனி முறை. முழு வேரையும் எடுக்க அலவாங்கு தேவைப்படும் போலிருந்தது, பிறகு தேவையில்லை என்று கண்டேன். திரும்ப முளைப்பது மேல் பகுதிதான். ஐந்து ஆறு அங்குலம் கீழே வரை ஒரு ஒடுக்கமான மண்வாரியை இறக்கி அறுத்து எடுத்தால் மிச்சம் உள்ளே உக்கிவிடுகிறது. ஆனால் பூத்து விதை கொட்டவிடக்கூடாது, அந்த விதை மண்ணுக்குள் பல பத்து வருடம் காத்திருக்கும்.

எடுத்த வேரை என்ன செய்வது என்பதில் அடுத்த பிழை. முதல் இரண்டு பாத்தியின் வேரையும் நேரே கொம்போஸ்ட் குவியலில் போட்டேன். அடுத்த வசந்தத்தில் அந்தக் கொம்போஸ்டைப் பூசணிக்குப் போட, பூசணியோடு கௌச் புல்லும் நன்றாக வளர்ந்தது. இந்த நாட்டில் குவியல் வேரைச் சாகடிக்கும் அளவுக்குச் சூடேறுவதில்லை, என் குவியலாவது ஏறவில்லை. ஊரில் என்றால் வேலிக்கரையில் எறிந்தால் இரண்டு நாள் வெயிலில் சருகாகிவிடும். இங்கே ஒரு பழைய தகரத்தில் பரப்பிவைத்து, ஒரு கிழமை மழை பெய்து, தகரத்தின் மேலேயே பச்சை முளை விட்டதைக் கண்டேன். கடைசியில் மூடியுள்ள ஒரு நீலப் பீப்பாவில் தண்ணீர் நிரப்பி உள்ளே அமுக்கி, மேலே ஒரு கல். எட்டு கிழமையில் கூழ். அதன் நாற்றத்தைப் பற்றி எழுத எனக்கு வார்த்தை இல்லை. பக்கத்துத் தறைக்காரர் ஒருநாள் வந்து உள்ளே எலி செத்துக் கிடக்கிறதா என்று மரியாதையாகக் கேட்டார். பீப்பாவை மறுபக்கத்துக்கு மாற்றினேன். அந்தத் தண்ணீரைப் பத்துக்கு ஒன்றாகக் கலந்து பூசணிக்கு ஊற்றினால் இலை கறுப்புப் பச்சையாக வருகிறது.

ஒரே நேரத்தில் 12 பாத்தியையும் தோண்ட முடியாது என்பதால் மற்றதை மூடிவைக்கவேண்டியிருந்தது. களைத்துணி என்று விற்பதை 46 பவுணுக்கு வாங்கி விரித்தேன். பின்னல் துணி. கௌச் நுனி அதன் கண்ணுக்குள்ளால் ஊசி கோத்த மாதிரி ஏறிவிட்டது. துணியைக் கிளப்பியபோது புல் துணியோடு தைத்துக்கொண்டு வந்தது, கிழித்துத்தான் எடுத்தேன். 46 பவுண் குப்பை. பைன்ட்வீட் இன்னும் கெட்டிக்காரன், துணிக்கு அடியால் வெளிறிய நூலாக ஒரு மீட்டர் ஓடி ஓரத்தில் தலைகாட்டியது. பிறகு சைக்கிள் கடையிலிருந்து பெரிய அட்டைப் பெட்டிகள், காசில்லாமல். பிசின்நாடாவை உரித்து, ஓரங்கள் ஒரு அடி ஒன்றன்மேல் ஒன்று ஏற இரண்டு தட்டாக விரித்து, மேலே நாலு அங்குலம் மரச்சிராய். நடுவில் துளையிட்டுப் பூசணி. கௌச் ஒரு முழு வளர்ச்சிப் பருவத்தோடு பலமிழந்துவிட்டது, அதன் பிறகு தோண்டியபோது வேர் பழுப்பாக, தொளதொள என்று கையோடு வந்தது. பைன்ட்வீட்டுக்கு இரண்டு பருவம் வேண்டியிருந்தது. ஓரத்தால் வருவதை ஒவ்வொரு கிழமையும் கிள்ளினால்தான் அதுவும்.

அண்ணா ஒவ்வொரு தடவையும் கேட்பார், “மருந்து அடிச்சா என்ன?” என்று. இலங்கையில் கிளைபோசேட் என்ற களைகொல்லியை 2015இல் தடைசெய்து, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் விட்டதெல்லாம் அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், அந்தக் காலத்தில் கோரையோடு பட்டபாட்டை இன்னமும் சொல்வார். இங்கே கடையில் கிடைக்கிறது, எங்கள் இடத்தில் தடையும் இல்லை. கொடி கத்தரிக்கும் பீன்ஸுக்கும் மேலே ஏறிப் படர்ந்திருக்கும்போது எங்கே அடிப்பது என்பதுதான் என் சிக்கல். ஹோர்ஸ்டெயிலின் இலையோ சிலிக்கா பூசினது மாதிரி, மருந்து லேசில் இறங்காது. அடிக்கவில்லை.

தோண்டிய பாத்தி சுத்தமான பாத்தி இல்லை, இதைத் தெரிந்துகொள்ளத்தான் அதிக காலம் எடுத்தது. எவ்வளவு கவனமாக எடுத்தாலும் தவறின துண்டு முளைக்கும். மூன்றாவது பாத்தியில் மட்டும் எண்ணி ஒரு கொப்பியில் குறித்தேன். தோண்டிய வருடம் ஒக்டோபர் வரை 96 பைன்ட்வீட் முளை. அடுத்த வருடம் 58. இந்த வருடம் ஏழு. இலை நாலைந்து விடுவதற்குள் எடுக்கவேண்டும். இரண்டு கிழமை விட்டுவிட்டால் அது வேருக்குச் சாப்பாடு அனுப்பத் தொடங்கிவிடும். போன வருடம் ஓகஸ்டில் ஒரு கலியாணவீட்டுக்குக் கனடா போய் மூன்று கிழமை வரவில்லை. திரும்பி வந்தபோது தக்காளித் தடி தெரியவில்லை. அந்த 58இல் பாதிக்குமேல் அதற்குப் பிறகு வந்தது.

எடுக்கும் முறையிலும் ஒரு சின்னத் தந்திரம் பழகிக்கொண்டேன். முளையைக் கண்டவுடன் பிடுங்காமல் பக்கத்தில் ஒரு மூங்கில் தடி ஊன்றிவிடுவேன். ஒரு கிழமையில் தடியில் ஏறும், அந்தத் தடிக்கு நேர்கீழே கைமுள்ளை இறக்கினால் வேர் இருக்கும். பீன்ஸ் கொடிக்குள் தேடித் துளாவத் தேவையில்லை.

பக்கத்தில் கைவிடப்பட்ட ஒரு துண்டு இருக்கிறது, கௌச் அங்கிருந்துதான் திரும்பத் திரும்ப வருகிறது. அந்த எல்லையில் எட்டு மீட்டருக்கு ஒரு அடி ஆழம் வெட்டித் தடித்த பிளாஸ்டிக் தகடு நிறுத்தினேன், 27 பவுண். மேலே இரண்டு அங்குலம் தெரியவிடவேண்டும். முதலில் மண்மட்டத்துக்கு வைத்தேன், புல் மேலால் தாண்டிக்கொண்டு வந்தது. திரும்பக் கிளப்பி வைக்க ஒரு முழுச் சனிக்கிழமை.

வாடகையைச் சேர்க்காமல் செலவைக் கூட்டிப் பார்த்தால் 218 பவுண். ரோட்டவேட்டர், வளைந்த ஃபோர்க், களைத்துணி மூன்றும் சேர்ந்து 174. வேலைக்கு உதவியது வெறும் 44.

திரும்பவும் ஒரு துண்டு தந்தால் முதல் நாளே அந்த 60 சென்டிமீட்டர்க் கிடங்கை வெட்டுவேன், ஒன்று போதாது, இரண்டு மூலையில். ஜூலை வரை பூவுக்குக் காத்திருப்பேன். முழுவதையும் அட்டையால் மூடிவிட்டு முதல் வருடம் மூன்று பாத்தி மட்டும் தோண்டுவேன். ஆறு பாத்தியை ஒரே கோடையில் தோண்டி முளை எடுக்க நேரமில்லாமல் இரண்டைத் திரும்பக் காட்டுக்குக் கொடுத்த அனுபவம் எனக்கு இருக்கிறது. நீலப் பீப்பாவை முதல் நாளே எல்லோருக்கும் தூரமாக வைப்பேன்.

ஹோர்ஸ்டெயில் இருக்கும் மூலையை அதன் பாட்டுக்கு விட்டுவிட்டேன். வாரத்துக்கு ஒரு தடவை மேலால் கிள்ளுவது, அட்டை, பூசணி. குறைந்திருக்கிறது போலத்தான் தெரிகிறது, அடித்துச் சொல்லமாட்டேன். பூசணி காய்க்கிறது, இந்த வருடம் மூன்று, பெரியது 7 கிலோ.

பைன்ட்வீட்டும் முற்றாகப் போய்விடவில்லை. படலைத் தூணைச் சுற்றிப் பழைய கொங்கிறீட் இருக்கிறது, அதற்கு அடியில் ஒரு வேர் குடியிருக்கிறது. உடைக்க அனுமதி இல்லை, உடைத்தால் படலை விழும். ஒவ்வொரு சனியும் வெடிப்புக்குள்ளால் ஒன்றிரண்டு முளை எட்டிப் பார்க்கும். வீட்டில் பழசான கத்தரிக்கோல் ஒன்றை அந்தத் தூணிலேயே கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். உள்ளே வரும்போது ஒன்று, வெளியே போகும்போது ஒன்று.